இலவசக் கல்லூரியும் ஒரு மணிக்கூண்டும்

ஹோல்கம்ப் மாவட்டச் சமுதாயக் கல்லூரியில் படிக்க என்ன கட்டணம் என்பது ஆகஸ்ட் மாதத்தின் அந்த வியாழக்கிழமை ஒருவருக்கும் தெரியவில்லை. புதன்கிழமை வரை தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை மறுபடியும் தெரியவரும் என்றார்கள். வியாழக்கிழமை மட்டும் கல்லூரிக்கு விலை இல்லை. ஆனால் அது இலவசமும் இல்லை. கட்டணத்தை அடியோடு எடுத்துவிடலாமா என்று கல்லூரியின் அறங்காவலர் குழு அன்று மதியம் கூடி முடிவு செய்யவிருந்தது. சேர்க்கைக்குக் கடைசி நாளும் அதுவே. இரண்டையும் ஒரே நாளில் வைத்தது வசதிக்காக என்று கல்லூரி அறிவித்திருந்தது. யாருடைய வசதிக்காக என்பது அறிவிப்பில் இல்லை.

வெல்மா ஸ்டக்கி சேர்க்கை ஜன்னலின் முன்னால் நின்றாள். குளிர்பதனப் பெட்டியின் கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பர் பட்டையை வெட்டும் தொழிற்சாலையில் அவள் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். வசந்தகாலத்தில் தொழிற்சாலை வேறு நாட்டுக்குக் குடிபோயிற்று. வெல்மாவை அது அழைத்துப் போகவில்லை. இப்போது அவளுக்கு வீட்டைச் சூடாக்கும் உலைகளைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ஜனவரி மாதம் உலை நின்றுபோன வீட்டுக்காரர் முதலில் ஜெபிப்பார், பிறகுதான் தொலைபேசியை எடுப்பார். அதை ரிப்பேர் செய்ய ஆள் கிடைப்பது அவ்வளவு அபூர்வம். ஒரு வருடப் படிப்பு. படித்துவிட்டால் சாகும்வரை வேலை இருக்கும்.

"கட்டணம் இருந்தா நான் வீட்டுக்குப் போயிடறேன். இல்லேன்னா சேர்ந்துக்கறேன். எது?" என்று கேட்டாள்.

"ரெண்டும் இல்ல" என்றாள் ஜன்னலுக்குள் இருந்த ஜோலீன். அவளும் வெல்மாவும் பள்ளியில் ஒரே வகுப்பு. "மேல கூட்டம் முடிஞ்சாத்தான் தெரியும்."

"கூட்டம் எப்ப முடியும்?"

"போன மாசம் ஆரம்பிக்கவே இல்ல. அஞ்சு பேர் இருந்தாத்தான் கோரம், கோரம் இருந்தாத்தான் கூட்டம். நாலு பேர்தான் வந்தாங்க. ஒருத்தர் ஃப்ளோரிடாவுல மீன் பிடிக்கிறாரு. ஒருத்தர் செத்துட்டாரு, ஆனா இன்னும் ராஜினாமா பண்ணல."

"நீ அஞ்சு மணிக்கு ஜன்னல மூடிடுவியா?"

"இந்தக் காலேஜ்ல உறுதியா சொல்லக்கூடிய விஷயம் அது ஒண்ணுதான்டி."

வெல்மா திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெயிலில், ஆர்லோ கிப் தன் பிக்கப் வண்டியில் உட்கார்ந்திருந்தான். தொழிற்சாலையில் அவள் வெட்டிய பட்டையைச் சுருட்டிப் பெட்டியில் போட்டவன் அவன். அவனும் அதே படிப்புக்குத்தான் வந்திருந்தான். "நீ போய்க் கேட்டுட்டு வா. காசுன்னா நான் எதுக்கு வீணா வண்டியவிட்டு எறங்கணும்?" என்று சொல்லி அங்கேயே இருந்துவிட்டான். வண்டியில் குளிரூட்டி வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்வதும் அந்தப் படிப்பில்தான் வருகிறது.

வெல்மா மாடி ஏறினாள்.

அறங்காவலர் அறையில் பொதுமக்களுக்கென்று ஒரு வரிசை நாற்காலிகள் உண்டு. பொதுமக்கள் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டதால் அவற்றின்மேல் சாண்ட்விச் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பெரிய மேசையின் ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வெல்மா அதில் உட்கார்ந்தாள். அவள் முன்னால் 'மாணவர் பிரதிநிதி' என்று பித்தளைப் பலகை ஒன்று இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் எழுந்து கொடியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி சொன்னார்கள். வெல்மாவும் எழுந்து சொன்னாள். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். குழுவின் வழக்கறிஞர் பிம் பென்சிலால் தலைகளை எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "அஞ்சு" என்றார்.

அவைத் தலைவர் ஹார்லன் டில்மனின் கண்கள் பனித்தன. டில்மன் மாவட்டத்திலேயே பெரிய வண்டி வியாபாரி. அவருடைய கண்கள் லேசில் பனிப்பதில்லை.

"மாணவர் பிரதிநிதி வந்திருக்காங்க. எத்தன வருஷம் ஆச்சு! இளைய தலைமுறைக்கு நம்ம கைதட்டல்" என்றார்.

நாற்பத்தாறு வயது வெல்மாவுக்குக் கைதட்டினார்கள்.

"நான் ஒரு கேள்வி கேக்கத்தான் வந்தேன்" என்றாள் அவள்.

"தாராளமா கேளுங்க. பொதுமக்களுக்கு மூணு நிமிஷம் உண்டு. அதோ அந்த மைக்ல."

வெல்மா எழுந்து மைக்கிடம் போனாள். அங்கே ஒரு சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது. அவள் வாயைத் திறந்ததும் வழக்கறிஞர் பிம் கையை உயர்த்தினார்.

"மன்னிக்கணும். அவங்க நாற்காலிய விட்டதும் கோரம் போச்சு. இப்ப இங்க கூட்டம் இல்ல. அதனால அவங்க பேசறத யாரும் கேக்க முடியாது."

நான்கு அறங்காவலர்களும் முகத்தை மரியாதையாக வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். வெல்மா நாற்காலிக்குத் திரும்பினாள். கூட்டமும் திரும்பியது.

"சரி, இங்கேருந்தே கேக்கறேன். கட்டணம் இருக்கா, இல்லியா?"

"அங்கேருந்து கேக்க முடியாது" என்றார் பிம் வருத்தத்தோடு. "அந்த நாற்காலியில இருக்கும்போது நீங்க பொதுமக்கள் இல்ல."

மைக்கின் விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. பொதுமக்களில் ஒருவருக்கு மூன்று நிமிடம் முறைப்படி வழங்கப்பட்டது என்று பிம் எழுதிக்கொண்டார்.

அடுத்த சிக்கலையும் அவரே கண்டுபிடித்தார். "நீங்க எந்தப் படிப்பு படிக்கறீங்க?"

"எதுவும் இல்ல. சேரலாம்னுதான் வந்தேன்."

டில்மன் முகம் வெளுத்தார். மாணவர் அல்லாதவர் மாணவர் பிரதிநிதி ஆக முடியாது. பிரதிநிதி இல்லையென்றால் கோரம் இல்லை. கோரம் இல்லையென்றால் இன்றைய நிகழ்ச்சி நிரலின் கடைசி விஷயம் இன்னொரு மாதம் தள்ளிப்போகும். அது மணிக்கூண்டு. கல்லூரி வாசலில் எழும்பப்போகும் அந்த மணிக்கூண்டுக்கு டில்மனின் காலஞ்சென்ற தந்தையின் பெயரை வைப்பதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது.

"அப்ப சேர்த்துருவோம்" என்றார் டில்மன். "இவங்கள இந்த நிமிஷமே சேர்க்கறதுன்னு முன்மொழியறேன். என்ன படிப்பும்மா?"

"உலை ரிப்பேர். ஆனா என்கிட்ட காசு—"

"காசப் பத்தி யாரு கேட்டா? இது கூட்டம் நடத்தற செலவு. சாண்ட்விச் மாதிரி."

"வழிமொழியறேன்" என்றார் டாக்டர் ஸ்லேட். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். நான்கு கைகளும் ஒன்றாக உயர்ந்தன. வெல்மா இலவச மாணவி ஆனாள். விவாதம் எதுவும் தேவைப்படவில்லை.

அதன்பிறகு, மாணவர்களுக்குக் கல்வியை இலவசமாகத் தரலாமா என்ற விவாதம் தொடங்கியது.

முதலில் சாண்ட்விச் பெட்டிகள் வழங்கப்பட்டன. வான்கோழி, பாலாடைக்கட்டி, ஒரு ஆப்பிள், ஒரு பிஸ்கட். டாக்டர் ஸ்லேட் இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் இத வெறுப்போட சொல்லல" என்றார் மென்றபடி. "இலவசமா கெடைக்கறதோட அருமை மனுஷனுக்குத் தெரியாது. என்னையே எடுத்துக்குங்க. நான் படிச்ச காலத்துல இந்தக் காலேஜ்ல கட்டணமே கெடையாது. ஒரு பைசா கட்டல. அதனால அதோட அருமை எனக்கு இன்னிவரைக்கும் தெரியல. அந்தக் கொடுமை இன்னொரு பிள்ளைக்கு வரக்கூடாது. அதுக்குத்தான் நான் போராடறேன்."

தொண்டை அடைத்ததால் உட்கார்ந்துவிட்டார். பிஸ்கட் காரணமாகவும் இருக்கலாம்.

டில்மன் எழுந்தார். "நான் வண்டி விக்கிறவன். ஒருத்தனுக்கு வண்டிய சும்மா குடுத்தா என்ன ஆகும்? கழுவ மாட்டான். எண்ணெ மாத்த மாட்டான். காசு குடுத்து வாங்கினவன்தான் வண்டிய மதிப்பான்."

"காசு குடுத்தா வண்டி ரிப்பேர் ஆகாதா?" என்று வெல்மா கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தேகம். ஆர்லோ அந்த வண்டியை டில்மனிடம்தான் வாங்கியிருந்தான்.

"அது வேற பிரிவும்மா" என்றார் டில்மன்.

திருமதி ப்ரூக் கட்டணம் கூடாது என்னும் கட்சி. ஏழைகள்மேல் அவருக்கு இருந்த அன்பு மிக நீளமானது. "கதவத் திறந்துவிட்டா மட்டும் போதுமா?" என்று கேட்டார். "கதவுக்குள்ள வரவங்க, தான் வரவேற்கப்படறதா உணரணும். அத உணர வைக்க ஒரு குழு வேணும். அந்தக் குழு உணர்ந்துடுச்சான்னு பாக்க இன்னொரு குழு வேணும். நான் நிறைய ஏழைகளச் சந்திச்சிருக்கேன். போன வருஷம் சிகாகோ மாநாட்டுல ஒருத்தர் பேசினாரு. அற்புதமா பேசினாரு." அவர் வெல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இப்ப எப்படி உணரறீங்கன்னு சொல்லுங்க."

"மணி நாலாகப் போகுது மேடம்" என்றாள் வெல்மா. "நான் அப்படித்தான் உணரறேன்."

நான்காவது அறங்காவலர் சோயா விவசாயி லிண்ட். தேர்ந்தெடுக்கப்பட்டதிலிருந்து பேசியதில்லை. அவர் எழுந்து, "பசங்க படிக்கட்டும். அறுவடைக்குள்ள முடிச்சுடுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். இது நியாயமான விவாதம் இல்லை என்று டாக்டர் ஸ்லேட் ஆட்சேபித்தார்.

ஓட்டெடுப்பு நடந்தது. இலவசத்துக்கு ஆதரவாகத் திருமதி ப்ரூக்கும் லிண்டும். எதிராக டில்மனும் ஸ்லேட்டும். இரண்டுக்கு இரண்டு. வெல்மா கையைத் தூக்கினாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் கைகூடி வந்ததில்லை. கீழே வெயிலில் வெந்துகொண்டிருக்கும் ஆர்லோவின் முகத்தை நினைத்துக்கொண்டாள்.

"மாணவர் பிரதிநிதி ஆதரவு" என்று பிம் எழுதிக்கொண்டார். "ஆக, இரண்டுக்கு இரண்டு. தீர்மானம் தோல்வி."

"என் கை?"

"உங்க ஓட்டு ஆலோசனை ஓட்டு. அத நாங்க ரொம்ப மதிக்கறோம்."

"மதிச்சுட்டு?"

"எண்ணறதில்ல."

"கோரத்துக்கு மட்டும் என்னை எண்ணினீங்களே?"

"உக்கார்றதுக்கு எண்ணுவோம்" என்று பிம் பொறுமையாக விளக்கினார். "கையத் தூக்கறதுக்கு எண்ண மாட்டோம். எல்லா ஜனநாயக அமைப்பிலயும் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும்."

டில்மன் சுத்தியலைத் தட்டினார். மணிக்கூண்டின் வண்ணப்படம் விரிக்கப்பட்டது. செங்கல்லால் ஆனது; உச்சியில் செம்புக் கூரை; நான்கு பக்கமும் கடிகாரம். படத்தில் அதன் நிழலில் மாணவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கட்டணம் கட்டியவர்களா என்பது படத்தில் தெரியவில்லை. செலவு என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது இறந்தவருக்கு மரியாதையாகாது.

வெல்மா எழுந்தாள்.

"எங்க போறீங்க?" என்று நான்கு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"ஆர்லோகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். காசு உண்டுன்னு தெரிஞ்சா அவன் வீட்டுக்காவது போவான். வண்டிக்குள்ள வெந்துகிட்டு இருக்கான்."

பிம் ஓடிவந்து கதவை மறித்தார். வழக்கறிஞர்கள் ஓடுவதை எங்கள் மாவட்டம் அதற்குமுன் பார்த்ததில்லை. "நீங்க திரும்பி வராம, கூட்டம் முறைப்படி முடியும்போது கோரம் இல்லேன்னா, இன்னைக்கு நடந்தது எதுவுமே நடக்கல. துணைவிதி அப்படி."

"எதுவுமேன்னா?"

"மணிக்கூண்டு நடக்காது. கட்டணத் தீர்மானம் தோத்ததும் நடக்கல, அடுத்த மாசம் மறுபடி வரும். உங்க சேர்க்கையும் நடக்கல. சேர்க்கைக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள், உங்களுக்கு ஒரு வருஷம் போச்சு. அதனால தயவுபண்ணி உக்காருங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அப்படியே இருந்தாப் போதும்."

வெல்மா நின்றாள். ஒரு வருடம் என்பது அவளுக்குச் சின்ன விஷயமில்லை. வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை நவம்பரில் வரும் நன்றிசெலுத்தும் நாளோடு முடிகிறது. அதற்குப் பிறகு அவளுக்கு எதிரே இருந்தது நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்கில் இரவு ஷிப்ட். இங்கே ஒரு நாற்காலி. உட்கார்ந்திருந்தால் போதும், படிப்பு அவளுடையது. உட்காரத்தானே சொல்கிறார்கள்? அவள் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். ஆர்லோ வண்டியின் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்து, ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துக் கையை விரித்து, என்ன ஆச்சு என்று கேட்டான்.

'எனக்குக் கிடைத்துவிட்டது, உனக்கு இல்லை' என்பதற்குச் சைகை இல்லை.

அவள் மேசையைத் தாண்டி நடந்து, பொதுமக்கள் நாற்காலி ஒன்றிலிருந்து சாண்ட்விச் பெட்டிகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அதில் உட்கார்ந்தாள்.

"அய்யோ, என்ன காரியம் பண்றீங்க!" என்றார் டாக்டர் ஸ்லேட். "உங்க படிப்பு போயிடும்!"

"இலவசமா வந்ததுதானே டாக்டர்" என்றாள் வெல்மா. "அதோட அருமை எனக்குத் தெரியல."

லிண்ட் இருமினார், அல்லது சிரித்தார். அவர் சிரிப்பு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாததால் குறிப்பில் இருமல் என்றே எழுதப்பட்டது.

டில்மன் வண்ணப்படத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பொதுமக்கள் நாற்காலியைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, எதிரில் இருப்பவர் விலை சொல்லிவிட்டார் என்பது அவருக்குப் புரிந்தது. வெல்மாவுக்குத்தான் தான் விலை சொன்னது தெரியவில்லை.

"பிம், தோத்த தீர்மானத்த மறுபடி எடுக்கலாமா?"

"தோக்கடிச்சவங்கள்ல ஒருத்தர் கேட்டா எடுக்கலாம். கோரம் இருக்கணும்."

"வெல்மாம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உக்காருங்களேன். ஒரு அஞ்சு நிமிஷம்."

"எதுக்கு?"

"நான் மனசு மாறப்போறேன்" என்றார் டில்மன். "அதுக்குக் கோரம் வேணும்."

அவள் வந்து உட்கார்ந்தாள். முதுகைச் சாய்க்காமல் நுனியில் உட்கார்ந்தாள். டில்மன் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"நான் வண்டி விக்கிறவன்" என்று தொடங்கினார். "வண்டி வாங்கினவனுக்கு முதல் எண்ணெ மாத்தறது என் கடையில இலவசம். ஏன்? சும்மா குடுத்தாத்தான் மனுஷன் மதிப்பான். திரும்பி வருவான். காசு கேட்டா எவன் வருவான்? என் அப்பா சொல்லுவாரு, 'ஹார்லன், கைய மூடி வச்சிருக்கிறவனுக்கு யாரும் கைகுடுக்க முடியாது'ன்னு. இந்த மாவட்டத்துப் பிள்ளைங்க இலவசமா படிக்கணும்னு அவரு கடைசி மூச்சு வரைக்கும் கனவு கண்டாரு. அந்தக் கனவுக்குச் செங்கல்லால ஒரு வடிவம் குடுக்கறதுதான் இந்த மணிக்கூண்டு."

திருமதி ப்ரூக் அழுதார். டில்மனின் தந்தை அப்படி எதுவும் சொன்னதாக எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் நினைவில்லை. அவர் தன் கடைக் கழிப்பறைக்கே காசு வசூலித்தவர்.

மூன்றுக்கு ஒன்று. கல்லூரி இலவசம் ஆயிற்று. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் டாக்டர் ஸ்லேட் மட்டும். கொள்கையில் சமரசம் இல்லை என்று அறிவித்துவிட்டு, மிச்சமிருந்த சாண்ட்விச் பெட்டிகளை வீட்டுக்கு எடுத்துப்போகப் பை கேட்டார். அடுத்த நிமிடமே மணிக்கூண்டும் நிறைவேறியது. நான்கு ஓட்டு; ஆலோசனை ஓட்டு ஒன்று. இந்த முறை வெல்மாவின் கையை டில்மன் தானே எண்ணிக் காட்டினார்.

சுத்தியல் விழுந்ததும் வெல்மா மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். "ஆர்லோ, எறங்குடா!" என்ற சத்தம் கண்ணாடிக் கதவைத் தாண்டி வண்டி நிறுத்துமிடம் முழுக்கக் கேட்டது. ஜோலீன் ஜன்னலை இழுத்து மூடும் நேரம், ஆர்லோ வியர்வை சொட்டச் சொட்ட முழங்கையை உள்ளே நீட்டிவிட்டான்.

"கைய எடுடா, நசுங்கிடும்."

"பேர எழுது, எடுக்கறேன்."

எழுதினாள்.

அவர்கள் வண்டிக்குத் திரும்பியபோது வாசலில் இரண்டு பேர் புல்தரையில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்லோ நின்று பார்த்தான்.

"இது என்ன?"

"மணிக்கூண்டு கட்டப்போறாங்க."

"எதுக்கு?"

"நீயும் நானும் இலவசமா படிக்கறதுக்கு."

ஆர்லோ அவளைத் திரும்பிப் பார்த்தான். "வெயில் தலைக்கேறின மாதிரி பேசறியே வெல்மா. நான்தானே வெந்தேன்."

"சத்தியமா. மேல நடந்தத நான் அப்புறம் சொல்றேன், நீ நம்ப மாட்ட."

"சரி, மணி பெருசா இருக்குமா?"

"மணிக்கு இன்னும் அனுமதி வாங்கல. கூண்டு மட்டும்தான் இன்னைக்கு. மணி அடுத்த மாசக் கூட்டத்துல வருது." அவள் வண்டியில் ஏறி, இருக்கையின் சூடு தாங்காமல் கொஞ்சம் எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். "அந்த மீன் பிடிக்கிறவரு கிறிஸ்துமஸ் வரைக்கும் வரமாட்டாராம். என்னை கட்டாயம் வரச் சொன்னாங்க."

"போகப்போறியா?"

"போகாம? பாடப் புத்தகம் வெல என்னன்னு இப்பத்தான் ஜோலீன் சொன்னா."